ஸ்டாப்பர் பேக் வேண்டாம் என்றேன்

என் தம்பி ரெங்கராஜைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் என்னைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. வேறு வழியும் இல்லை. அவன் வாழ்க்கையில் நடந்த கெட்ட காரியங்களில் பெரியதை நான்தான் செய்தேன், அதுவும் ஒரு மெஸ் ஹாலில், நூறு பேருக்கு முன்னால், கால்பந்து பேசுகிற சாக்கில்.

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா லோடுமேன். அம்மா வீரம்மாள் பூந்தோட்டத்தில் பூப்பறித்தாள். நான் மூத்தவன், கல்யாணசுந்தரம். ரெங்கராஜ் எனக்கு ஐந்து வயது இளையவன். எனக்குப் படிப்பு ஏறியது, திருச்சி பாலிடெக்னிக் வரை போனேன். அவன் பத்தாம் வகுப்பில் இரண்டு பாடத்தில் தோற்று, அந்தச் செய்தியை வீட்டில் சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே ஆலங்குடியில் ஒரு மேட்ச் ஆடப் போனான்.

ஸ்டாப்பர் பேக் ஆடுவான். கோல் காக்கிற கோலிக்கு முன்னால் நட்டநடுவில் நிற்கிற ஆள். எதிரி யாராக இருந்தாலும் கோல் போட வேண்டுமென்றால் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். கோல் போட்டவனைத்தான் எல்லோரும் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றுவார்கள், தடுத்தவனை யாரும் தூக்கி நான் பார்த்ததில்லை. ரெங்கராஜ் அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை. மேட்ச் முடிந்ததும் ஒரு ஓரமாக உட்கார்ந்து, ஜெயித்த பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான்.

பதினாறு வயதில் ஒரு மேட்ச்சில் வலது கால் முட்டிக்குக் கீழே உடைந்தது. புத்தூர் கட்டுப் போட்டோம். மூன்று மாதம் படுத்திருந்தான். அடுத்த பொங்கலுக்கு மறுபடி ஆடினான். எலும்பு கூடிய இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், அவ்வளவுதான். அந்தக் காலோடுதான் பிறகு சென்னைக்குப் போய்ச் சாரம் கட்டுகிற வேலை கற்றுக்கொண்டான். பத்து மாடி, பன்னிரண்டு மாடி உயரத்தில் கம்பி மேல் நடந்தான்.

நான் தொண்ணூற்றெட்டில் துபாய் வந்தேன். ஒரு கட்டடக் கம்பெனியின் எஸ்டிமேஷன் செக்ஷனில் வேலை. ஆபீஸ் அல் கூஸில், வீடு ஷார்ஜாவில் முவைலாவில். மனைவி தாமரை, மகள் தன்யா. என்னைப் பற்றி இங்கே யாரிடமும் நான் பொய் சொன்னதில்லை, அதில் நான் கெட்டிக்காரன். ஊர் திருச்சி என்பேன். அப்பா டிரான்ஸ்போர்ட் லைன் என்பேன். தம்பி கன்ஸ்ட்ரக்ஷனில் இருக்கிறான் என்பேன். கேட்கிறவர்கள் தாங்களாகவே ஒரு மாடி வீட்டையும் நாலு லாரியையும் கற்பனை செய்துகொள்வார்கள். நான் மறுக்க மாட்டேன்.

இரண்டு வருடமாக ரெங்கராஜ் விசா கேட்டுக்கொண்டிருந்தான். "இப்ப ஆள் எடுக்கலடா" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். இரண்டாயிரத்து நாலில் திருச்சி ஏஜெண்ட் ஒருவர் மூலம் அவனே வந்து இறங்கிவிட்டான், என் கம்பெனிக்கே. அண்ணன் இருக்கிற கம்பெனி என்று பார்த்துப் பார்த்துச் சேர்ந்திருக்கிறான். ஜாயினிங் பேப்பரோடு ஆபீஸுக்கு வந்தவன், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் என்னைப் பார்த்ததும் "அண்ணே!" என்றான். ஊரில் வரப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கூப்பிடுகிற குரல்.

மாடிப்படிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

"இங்க என்னைய சார்னு கூப்புடு. சொந்தம்னு தெரிஞ்சா உனக்குத்தான் பிரச்சினை. நான்தான் சலுகை குடுக்குறேன்னு சொல்லுவாய்ங்க."

"சரிண்ணே" என்றான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "சரிங்க சார்" என்று சிரித்தான். விளையாட்டில் ஒரு புது ரூல் சொன்னால் எப்படி ஏற்றுக்கொள்வானோ அப்படி ஏற்றுக்கொண்டான். அதன் பிறகு ஒரு தடவைகூடத் தவறியதில்லை. தவறுவான் என்று நான்தான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த இரண்டு வருடத்தில் அவன் என் வீட்டுக்கு வந்தது மூன்று முறை. எங்கள் கட்டடத்தில் இரண்டு மாடி மேலே ஷ்யாம் குடியிருந்தார். சென்னைக்காரர், கம்பெனியில் புராஜெக்ட் இன்ஜினியர், வாரம் ஒரு தரம் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடுவோம். ஷ்யாம் வெளியே போகிற நாளாகப் பார்த்துத்தான் ரெங்கராஜை அழைத்து வருவேன். தாமரை ஒரு நாள் கேட்டேவிட்டாள்: "உங்க தம்பி என்ன திருடனா? ஏன் ஒளிச்சு ஒளிச்சுக் கூட்டிட்டு வர்றீங்க?" அவன் தங்கியிருக்கிற லேபர் கேம்ப் தூரம், ஓவர்டைம் அதிகம் என்று ஏதோ சொன்னேன். தன்யாவுக்கு அவன் என்றால் உயிர். "சித்தப்பா, யூ ஆர் சோ டால்" என்று அவன் தோளில் ஏறிக்கொள்வாள். அவனும் அவள் பேசுகிற இங்கிலீஷுக்கெல்லாம் "யெஸ் யெஸ்" என்று தலையாட்டுவான்.

இனி அந்தக் கோப்பைக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனியில் வருடா வருடம் சேர்மன் கப் என்று கால்பந்துப் போட்டி நடக்கும். முன்பு கேம்புக்கு ஒரு டீம். ஒரே கேம்ப் மூன்று வருடம் ஜெயித்து, நாலாவது வருடம் அடிதடியாகிவிட்டது. அதனால் இரண்டாயிரத்து ஆறில் அகமது கபீர் ஒரு புது முறை கொண்டுவந்தார். கபீர் கீழக்கரைக்காரர், கம்பெனியின் விசா, பாஸ்போர்ட் வேலைகளையெல்லாம் பார்ப்பவர், போட்டியை நடத்துபவரும் அவர்தான். ஆட விருப்பமுள்ளவர்கள் எல்லோர் பெயரையும், எந்த இடத்தில் ஆடுகிறார்கள் என்பதையும் ஒரே போர்டில் எழுதிவிடுவது. நாலு டீமுக்கு நாலு மேனேஜர், ஆபீஸ் ஆட்கள். வரிசைப்படி ஒவ்வொருவராக ஒரு ஆளை எடுக்க வேண்டும். ஒரு டீமுக்குப் பதினைந்து பேர். ஒரு டீமுக்கு ஷ்யாம் மேனேஜர், இன்னொன்றுக்கு நான்.

சைட்டுக்குப் போகிறவர்கள் திரும்பி வர ஏழு மணியாகிவிடும், பிராக்டீஸ் ஐந்து மணிக்கு. அதனால் டீமில் இருக்கிறவர்களை மேயிலிருந்து ஜூன் கடைசி வரை அல் கூஸ் ஃபேக்டரியில் போட்டுவிடுவார்கள். ஏசிக் காற்று போகிற டக்ட்டுக்குத் தகரம் மடிக்கிற ஷெட், மேலே கூரை, பக்கத்துக்கு ஒரு பெரிய மின்விசிறி. அரசாங்கம் சொன்ன மதிய ஓய்வு ஜூலையில்தான் ஆரம்பிக்கும். மே, ஜூன் வெயிலில் சாரத்தின் மேல் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குக் கோப்பையா முக்கியம்? அந்த நிழல்தான் பரிசு.

ரெங்கராஜுக்கு அது மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்பட்டது. முந்தின கோடையில் அவனுக்குச் சிறுநீரகக் கல் வந்து, துபாய் மரினா சைட்டில் சுருண்டு விழுந்திருந்தான். டாக்டர் நிறைய தண்ணீர் குடி, வெயிலில் நிற்காதே என்றார். முப்பதாவது மாடியில் நிற்கிறவனிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

ஆள் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால் ஃபேக்டரி வாசலில், வாட்டர் கூலர் பக்கத்தில் எனக்காகக் காத்திருந்தான்.

"சார், பதினஞ்சு பேர்ல ஒருத்தனாப் போட்டு விட்ருங்க சார். எறக்கி ஆட விடலன்னாலும் பரவால்ல. வெளிய உக்காந்துக்குறேன். இந்த ரெண்டு மாசம் தாண்டிட்டாப் போதும்."

யாரும் பக்கத்தில் இல்லை. அப்போதும் சார் என்றுதான் சொன்னான்.

"பாக்குறேன்" என்றேன்.

பார்த்தேன். எனக்குத் தெரிந்தது வேறு. இறுதி ஆட்டத்தன்று ஃபேமிலி டே. சேர்மன் வருவார், ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள். தாமரை வருவாள், தன்யா வருவாள். மைதானத்தில் ரெங்கராஜைப் பார்த்த நொடியில் அந்தப் பிள்ளை "சித்தப்பா" என்று கத்திக்கொண்டு ஓடும். ஷ்யாம் மனைவி திரும்பிப் பார்ப்பாள். என் டிரான்ஸ்போர்ட் லைனும் கன்ஸ்ட்ரக்ஷன் தம்பியும் ஒரு நிமிடத்தில் மண்ணாகும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதான் இத்தனையும் செய்தேன். அதை இப்போது எழுதும்போது காது சுடுகிறது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பாடும் முடிந்த பிறகு மெஸ் ஹாலில் ஆள் எடுப்பு தொடங்கியது. சுவரோரம் வெள்ளைப் போர்டு. முன்னால் நாலு மேஜை. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு மேனேஜர், ஒரு கேப்டன். என் கேப்டன் அருள்ராஜ், தூத்துக்குடிக்காரன், டக்ட் ஃபோர்மேன், மெதுவாகப் பேசவே வராது. பின்னால் பெஞ்சுகளில் நூறு பேருக்கு மேல். ரெங்கராஜ் மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தான். நன்றாகக் குளித்து, தலை வாரி, துவைத்த பனியன் போட்டிருந்தான்.

முதல் பத்து ரவுண்டில் நல்ல ஃபார்வர்டு, ஹாஃப் எல்லாம் போய்விட்டார்கள். எல்லோருக்கும் கோல் போடுகிறவன்தான் வேண்டும். பதினொன்றாவது ரவுண்டில் என் முறை வந்தபோது எங்கள் டீமில் பின்வரிசையில் ஒரே ஒரு ரைட் பேக்தான் இருந்தான். போர்டில் மிச்சம் இருந்ததில் உருப்படியானவர்கள் மூன்று பேர். ஒரு கோலி, நாகூர்க்காரர் கௌஸ் முகைதீன் என்ற லெஃப்ட் பேக், ஸ்டாப்பர் பேக் ரெங்கராஜ்.

"ரெங்கராஜு சார்" என்றான் அருள்ராஜ். யோசிக்கவே இல்லை.

"லெஃப்ட் பேக் எடுப்போம்" என்றேன் நான்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "என்ன சார் சொல்லுதீங்க? நடுவுல ஆள் இல்லாம சைடுல ஆளப் போட்டு என்ன செய்ய? சுவரே இல்லாத வூட்டுக்கு ரெண்டு கதவு எதுக்கு?"

ஹாலில் சிரிப்பு. எனக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. ஆனால் அந்த வருடம் உலகக் கோப்பை வர இருந்தது, பேப்பரில் தினமும் ஒரு பக்கம் படித்துக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் எடுத்துவிட்டேன். இப்போது கோல் எல்லாம் பக்கத்திலிருந்துதான் வருகிறது, பந்தை ஓரத்திலிருந்து தூக்கிப் போடுகிறவனை அங்கேயே அடைத்துவிட்டால் நடுவில் வேலையே இல்லை, லெஃப்ட் பேக் என்றால் முன்னேறியும் போவான், ஸ்டாப்பர் நின்ற இடத்தில் நிற்கிறவன், அது பழைய காலத்து ஆட்டம். எனக்கே நம்பிக்கை வருகிற மாதிரிப் பேசினேன்.

"அப்ப கார்னர் கிக் வந்தா?" என்றான் அருள்ராஜ். "தலையில அடிக்கது யாரு? நீங்களா?"

இப்போது ஹால் அதிர்ந்தது. பின் பெஞ்சிலிருந்து ஆளாளுக்குக் கருத்துச் சொன்னார்கள். "ஸ்டாப்பர் எடுங்க சார்" என்று ஒரு பக்கம். "கோலி எடு பாய், பேக் எல்லாம் அப்புறம்" என்று இன்னொரு பக்கம். ஒரு மலையாளி நண்பர் எழுந்து நின்று, மூன்று பேக் வைத்து எப்படி ஆடலாம் என்று தட்டையும் தம்ளரையும் வைத்து விளக்கினார். பக்கத்து மேஜையில் ஷ்யாம் சிரித்துக்கொண்டே, "கல்யாண், பேசாம உங்க கேப்டன் சொல்றதைக் கேளுங்க. ரெங்கராஜ் ஆடி நான் பார்த்திருக்கேன். நீங்க விட்டா நான் எடுத்துப்பேன்" என்றார்.

அதுதான் என்னைக் குத்தியது. நான் விட்டாலும் ஷ்யாம் எடுப்பார். ஷ்யாம் டீமில் ரெங்கராஜ். ஃபேமிலி டேயில் ஷ்யாம் பக்கத்திலேயே ரெங்கராஜ்.

"அவன் கால் கதை உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "வலது கால் பதினாறு வயசுல ரெண்டா ஒடஞ்ச கால். புத்தூர் கட்டுப் போட்டு ஒட்டவச்சது. இன்னும் ஒழுங்கா மடங்காது. இந்தக் காலை நம்பி நடுவுல நிறுத்தச் சொல்றீங்களா?"

ஒடிந்தது உண்மை. மடங்காது என்பது பொய். வாதத்தில் ஜெயிப்பதற்காக வாயில் வந்துவிட்டது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான். யாரும் அவனை எடுக்கக் கூடாது என்பதற்காகவே சொன்னேன்.

ஹால் அடங்கிவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கண் ஓரத்தில் தெரிந்தது: ரெங்கராஜ் முன்னால் நீட்டி வைத்திருந்த வலது காலை மெதுவாகப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

கௌஸ் முகைதீனை எடுத்தேன். அடுத்தது ஷ்யாம் முறை. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார், பிறகு போர்டைப் பார்த்தார், கோலியை எடுத்தார். அதற்குப் பிறகு நாலு ரவுண்டு போனது. ஆடவே தெரியாதவர்களையெல்லாம் எடுத்தார்கள். ரெங்கராஜ் பெயர் போர்டில் கடைசி வரை இருந்தது, பிறகு கபீர் துணியால் துடைத்தார்.

அதோடு போயிருந்தால்கூட ஒரு கோடைகாலம்தான் போயிருக்கும்.

பத்து நாள் கழித்து சேஃப்டி டிபார்ட்மெண்டிலிருந்து ரெங்கராஜைக் கூப்பிட்டார்கள். உயரத்தில் ஏறி வேலை செய்கிறவனுக்குக் காலில் பழைய முறிவு இருக்கிறதாமே? இந்த நாட்டில் அது மைதானத்துப் பேச்சு அல்ல, அது ஃபைலில் ஏறுகிற பேச்சு. எட்டு வருடம் இங்கே குப்பை கொட்டியவனுக்கு அது தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் நினைக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு கூடிய தடம் அதில் பளிச்சென்று தெரிந்தது. சாரம் ஏறத் தகுதியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார்.

பிறகு எல்லா செக்ஷனுக்கும் கபீர் ஒரு மெயில் அனுப்பினார். இந்த மாதிரி ஒரு ஆள், கீழே இருந்து செய்கிற வேலை எந்த செக்ஷனிலாவது இருந்தால் மூன்று நாளில் சொல்லவும், இல்லையென்றால் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். என் செக்ஷனில் டிராயிங் மடித்து அடுக்குகிற வேலைக்கு ஒரு ஆள் இரண்டு மாதமாக இல்லை. நாங்களே மடித்துக்கொண்டிருந்தோம். ஒரு வரி பதில் எழுதினால் போதும், ஏசி அறையில், என் கண் முன்னாலேயே உட்கார்ந்திருப்பான்.

என் கண் முன்னாலேயே என்பதுதான் எனக்கு இடித்தது. முதல் நாள் படித்தேன். இரண்டாம் நாள் திறந்து மறுபடி படித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வரை கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஷார்ஜா டிராஃபிக் அதிகமாகிவிடும் என்று சீக்கிரம் கிளம்பினேன். நான் இவ்வளவு கேவலமானவன் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அவன் ஊருக்குப் போகிற அன்று சாயங்காலம் கேம்புக்குப் போனேன். அறையில் இல்லை. ஃபேக்டரிக்குப் பின்னால் மணல் மைதானத்தில் இருந்தான். எங்கள் டீம் பிராக்டீஸ் செய்துகொண்டிருந்தது. செருப்புக் காலோடு கோட்டுக்கு வெளியே நின்று, "பாய், முன்னால ஓடாதீங்க, நில்லுங்க, அவன் வரட்டும்!" என்று கௌஸ் முகைதீனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்ததும் வந்தான். சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"ஸ்டாப்பர் இல்லாம எப்படிண்ணே ஆடுவீங்க? கௌஸ் பாயையே நடுவுல நிப்பாட்டச் சொல்லி அருள்ராஜண்ணன்ட்ட சொல்லிருக்கேன். ஒரு வாரமா நின்னு காட்டிக் குடுத்தேன். ஓரளவு நிப்பாரு."

பிறகு, கோபமே இல்லாமல், ஏதோ கணக்கு சரியாக வரவில்லை என்று வாத்தியாரிடம் கேட்கிற பையன் மாதிரிச் சொன்னான்:

"காலு நல்லாத்தாண்ணே இருக்கு. பாருங்க, மடங்குது."

அந்த மணலில் இரண்டு காலையும் முழுதாக மடித்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். நான் நம்ப வேண்டும் என்பதற்காக மூன்று தடவை செய்து காட்டினான். அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. வண்டி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

இப்போது அறந்தாங்கியில் இருக்கிறான். சாரம்தான் கட்டுகிறான், அதே காலோடு. இதை எழுதுகிற இரண்டாயிரத்து ஒன்பது வரை மூன்று தடவை லீவில் ஊருக்குப் போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் ஏர்போர்ட்டுக்கு வந்து என் பெட்டிகளைத் தூக்குகிறான். அம்மாவிடம் இன்று வரை அவன் சொன்னது, துபாய் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான்.

அந்த வருடம் நாங்கள் அரையிறுதியில் தோற்றோம். ஐந்து கோல். எல்லாமே நடுவில் வந்தவை. பந்து உள்ளே போகும்போதெல்லாம் அருள்ராஜ் என் பக்கம் திரும்பினான். ஃபேமிலி டேயில் நாங்கள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்தோம். தன்யா போரடிக்கிறது என்று ஐஸ்கிரீம் கேட்டாள். ஷ்யாம் மனைவி தாமரையோடு ஏதோ சேலை விஷயம் பேசிக்கொண்டிருந்தாள். நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவில்லை. எல்லாம் நான் விரும்பியபடியே நடந்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை நேராகக் கபீர் அறைக்குப் போனேன். இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது, புது விசா போட்டு அவனைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்பது, யார் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும். ஷ்யாமும் ஏதோ பேப்பரில் கையெழுத்து வாங்க அங்கே வந்திருந்தார். அதுவும் நல்லதுதான், இருவருக்கும் ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"கபீர் பாய், போன மாசம் கேன்சல் ஆகிப் போனானே ரெங்கராஜ்... அவன் என் தம்பி. கூடப் பொறந்த தம்பி."

கபீர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியுமே சார்" என்றார்.

"எப்படி பாய்?" என்றேன்.

"உங்க பாஸ்போர்ட்டும் அவரு பாஸ்போர்ட்டும் இந்த அலமாரியிலதான் கெடந்துச்சு" என்று கையைக் காட்டினார். "கடைசிப் பக்கத்துல அத்தா பேரு, அம்மா பேரு, ஊரு, தெரு எல்லாம் ஒண்ணு. அவரு வந்து எறங்குன அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்களா சொல்லல, நான் எதுக்குக் கேக்கணும்?"

எட்டு வருடம் இந்த ஆபீஸில் இருந்தவனுக்கு, எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கம்பெனி அலமாரியில் இருக்கிறது என்பது நினைவுக்கு வரவில்லை. வீரம்மாள் என்ற பெயரை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, அவள் பிள்ளையை மாடிப்படிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறேன்.

"எனக்கும் தெரியும் கல்யாண்" என்றார் ஷ்யாம். "ரெண்டு வருஷமா. கபீர் பாய்தான் சொன்னார். ஆபீஸ்ல சொந்தம்னு காட்டிக்காத மனுஷன்னு உங்களை நாங்க பெருமையாத்தான் பேசிப்போம். அன்னைக்கு மெஸ்ல அடுத்த பிக் நான் அவரைத்தான் வெச்சிருந்தேன். சொந்த அண்ணனே கால் சரியில்லன்னு சொல்றப்போ வேற யாருக்குத் தெரியும்? அதான் விட்டுட்டேன்."

"நானும் அதுக்குத்தான் சேஃப்டியில சொன்னேன்" என்றார் கபீர். இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார், கண்ணில் அவ்வளவு கனிவு. "தம்பி உயரத்துல நிக்கிறத உங்களால பாத்துக்கிட்டு இருக்க முடியல. நேராச் சொன்னா அவரு கேக்க மாட்டாரு. அதான் சபையில வச்சு ஒடச்சீங்க. எல்லாருக்கும் புரிஞ்சுது சார். மெயிலுக்கும் நீங்க பதில் போடல. சரி, தம்பி ஊருக்கே போறதுதான் நல்லதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சு கேன்சல் போட்டேன். அண்ணன்னா இப்படி இருக்கணும்னு வீட்டுல கூடச் சொன்னேன்."

ஷ்யாம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லத்தான் வந்திருந்தேன். விசா கேட்க வந்திருந்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இந்தக் கம்பெனியில் அதுவரை என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"ஆமா பாய்" என்றேன். "உயரம் அவனுக்கு வேண்டாம்னுதான்."

கபீர் டீ சொல்லி அனுப்பினார். உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன்.